முதல் ஃப்ளாகர் வாங்குமுன்: ஸ்வேட், மாட்டுத்தோல், ரப்பர், கயிறு

ஃப்ளாகர் என்பது ஒரு கைப்பிடியில் பல வார்களைச் சேர்த்துக் கட்டிய சாட்டை, இருவர் விரும்பி விளையாடும் படுக்கையறை விளையாட்டுக்கானது. முதல் ஃப்ளாகர் வாங்க உட்காருபவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். கறுப்பாக, நீளமாக, முப்பது வார் அடர்த்தியாகத் தொங்கினால் "அம்மாடி, இது நமக்கு வேண்டாம்" என்று தள்ளிவிட்டு, பத்துப் பன்னிரண்டு மெல்லிய வார் வைத்த குட்டி ஒன்றை எடுக்கிறார்கள். சாதுவானதை எடுத்துவிட்டோம் என்ற நிம்மதி வேறு. நடப்பது நேர்மாறு. அந்தப் பெரிய மெத்துத் தோல் முதுகில் தொம்மென்று விழுந்து பரவும். குட்டிதான் சுளீரென்று பிடுங்கும். முதல் நாளே "இது நமக்கு ஒத்துவராது" என்று பரண் மேல் தூக்கிப் போட்டவர்களில் பாதிப் பேர் தவறான பொருளை வாங்கியவர்கள் என்பது என் கணிப்பு.

இது பதினெட்டு வயது தாண்டிய, இருவரும் விரும்பி, வாய்விட்டுப் பேசி முடிவெடுத்தவர்களுக்கான ஒப்பீடு. இருவரில் ஒருவர் "அவர் ஆசைப்படுகிறாரே" என்று தலையாட்டியிருந்தால் எந்தப் பொருளும் சரியான பொருள் இல்லை. நம் வீடுகளில் மனைவி வேண்டாம் என்று சொல்லவே இடம் இல்லாத திருமணங்கள் ஏராளம். அங்கே கேட்டு வாங்கிய சம்மதம் சம்மதத்தில் சேராது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர எடை, ஸ்வேட் அல்லது மெதுவான மாட்டுத்தோல், அரை அங்குல அகலத்தில் இருபது முதல் முப்பது வார், வாரின் நீளம் 16 முதல் 18 அங்குலம். மற்றவை எல்லாம் இரண்டாவது, மூன்றாவது வாங்கலுக்கு. ஏன் என்பதுதான் இனி.

தொம் என்பதும் சுளீர் என்பதும்

இந்த உலகத்தில் புழங்குபவர்கள் அடியை இரண்டாகப் பிரிப்பார்கள்: தட், ஸ்டிங். தட் என்பது சதைக்குள் இறங்கும் மொத்து. கொஞ்ச நேரம் தொடர்ந்து விழுந்தால் பலருக்கு அது முதுகைப் பிடித்துவிட்டது போலத்தான் இருக்கும். ஸ்டிங் தோலின் மேலேயே நிற்கும் எரிச்சல். ஈரத் துண்டை முறுக்கித் தம்பியின் காலில் சொடுக்கி விளையாடியவர்களுக்கு ஸ்டிங் என்ன என்று விளக்கத் தேவையில்லை. துண்டின் எடை அதேதான். விரித்து வீசினால் வலிக்காத துண்டு, முறுக்கி நுனியால் தொட்டால் சிவந்துவிடும். பரப்பு குறையக் குறைய, நுனியின் வேகம் ஏற ஏற, அடி தோலோடு நின்று எரியும். பரப்பும் எடையும் கூடினால் உள்ளே இறங்கும்.

ஆகவே கடையில் பார்க்க வேண்டியது வாரைத்தான்: எவ்வளவு அகலம், எவ்வளவு கனம், வளைத்தால் எவ்வளவு குழைகிறது, நுனி எப்படி வெட்டப்பட்டிருக்கிறது. நுனியைச் சாய்வாகக் கூராக வெட்டியிருந்தால் அந்தக் கூர்தான் முதலில் போய்ப் படும். சதுரமாக வெட்டி, மூலைகளை லேசாக மழுக்கியிருப்பதே புதியவருக்கு நல்லது. ஒரு வாரை எடுத்து அதன் ஓரத்தை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள். காகிதம் கிழிப்பது போல ஒரு கூர்மை தெரிந்தால் கீழே வையுங்கள்.

இன்னொன்று, யாருக்கு எது பிடிக்கும் என்பதை அடிப்பவர் முடிவு செய்ய முடியாது. தட் பிடித்தவருக்கு ஸ்டிங் வெறும் எரிச்சல். ஸ்டிங் பிடித்தவருக்குத் தட் தூக்கம் வரவழைக்கும். வாங்குவதற்கு முன் ஒரு செலவும் இல்லாத சோதனை உண்டு. விரல்களைச் சேர்த்துக் கையைக் குழித்து ஒரு தட்டு, விரல் நுனிகளால் மட்டும் ஒரு தட்டு, தொடையின் பின்புறத்தில். எதற்கு "ம்" வருகிறது, எதற்கு "ஸ்ஸ்" வருகிறது என்று கேளுங்கள். பட்டியலில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

எது எப்படி

ஸ்வேட் என்பது தோலின் உட்பக்கத்தைச் சொரசொரப்பாக, மிருதுவாக எடுத்தது. காற்றில் கொஞ்சம் தடுமாறி, வேகம் குறைந்துதான் வந்து விழும். அதனால் கை பழகாதவர் குறி தவறினாலும் பெரிய கேடு வராது. சத்தமும் குறைவு. கூட்டுக் குடும்பத்திலும், பக்கத்து வீட்டு டிவி நம் வீட்டில் கேட்கும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்வேட்டுக்கு வருகிறார்கள். குறை என்றால், புதிதில் சாயம் ஒட்டும், வியர்வையைக் குடிக்கும், துவைக்க முடியாது. வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மெருகேற்றிய மாட்டுத்தோல், எருமைத்தோல் அடுத்த படி. குரோமிய உப்பில் பதனிட்டது குழையும். கடுக்காய், ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருட்களில் பதனிட்டது பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், ஓரம் கூர்படும். செருப்புக்கும் பெல்ட்டுக்கும் அது அருமை, இதற்கு ஆகாது. 1 மில்லிமீட்டரை ஒட்டிய கனத்தில் குழைவான தோல் கிடைத்தால் தட், ஸ்டிங் இரண்டும் கலந்து வரும். 2 மில்லிமீட்டரைத் தாண்டிய தடித்த காளைத்தோல் வார் முப்பது சேர்ந்தால் அது சுமை. ஏற்பவருக்கு மட்டும் இல்லை, அடிப்பவருக்கும். ஐந்து நிமிடத்தில் தோள்பட்டை வலி எடுக்கும், தோள் சோர்ந்தால் குறி தவறும். குறி தவறிய கனமான ஃப்ளாகர் இந்தப் பட்டியலிலேயே மோசமான சேர்க்கை.

மான்தோலைப் பற்றி அமெரிக்கர்கள் புகழ்ந்து தள்ளுவார்கள். நியாயம்தான், துணி போலக் குழையும், அதைவிட மென்மையான தட் கிடைப்பது கடினம். அங்கே அது வேட்டையாட அனுமதியுள்ள வெண்வால் மானின் தோல். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புள்ளிமான், கடமான் தோல்களின் வியாபாரத்தைத் தடை செய்கிறது. உள்ளூரில் யாராவது "அசல் மான்தோல்" என்று நீட்டினால் ஒன்று பொய், இல்லை குற்றம். குழைவான ஆட்டுத்தோல் அதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். மெல்லியது என்பதால் வாரின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தோலே வேண்டாம் என்பவர்கள், பக்தியாலோ கொள்கையாலோ, ரப்பருக்கும் சிலிகானுக்கும் போகிறார்கள். கழுவலாம், ஊறப்போடலாம், எளிதில் பூஞ்சை பிடிக்காது. சுத்தத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அடி! ரப்பர் வார் தோலில் ஒட்டிக்கொண்டு பிரியும், எடையும் உண்டு, நுனியின் வேகமும் உண்டு. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டிச் செய்த ஃப்ளாகர் பார்ப்பதற்குக் குப்பைத் தொட்டியில் எடுத்தது போல இருக்கும். அனுபவசாலிகளே அதைக் கண்டு ஓரடி தள்ளி நிற்பார்கள். முதல் வாங்கலாக ரப்பர் வேண்டாம். லேடக்ஸ், அதாவது இயற்கை ரப்பர், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எப்போதுமே வேண்டாம்.

கயிறு பலருக்குத் தோன்றும் வழி, காரணம் விலை. முறுக்குத் தளர்ந்த பருத்திக் கயிறு, நுனியில் நூல் சுற்றிக் கட்டியது, சுமாரான தட் தரும். துவைக்கலாம் என்பது வசதி. நைலான் கொடிக்கயிறு வேறு கதை. வெட்டிய முனை பிரியாமல் இருக்க எல்லோரும் லைட்டரைக் காட்டி உருக்குவோம் இல்லையா, அந்த உருகல் ஆறியதும் கடுகு அளவுக்கு ஒரு கெட்டி மணியாக நிற்கும். அதன் விளிம்பில் பிசிறு இருக்கும். இருபது நுனியில் இருபது மணி. தோலைக் கீறுவதற்கு அதைவிட வேறு எதுவும் தேவையில்லை. பருத்தியானாலும் நுனியில் முடிச்சுப் போடாதீர்கள். வீச்சின் வேகம் முழுக்க அந்த முடிச்சில் போய்ச் சேரும்.

முடிச்சு என்றதும் ஒன்பது வால் சாட்டையைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையிலும் ராணுவத்திலும் தண்டனைக்கு வைத்திருந்தது, தோலை உரிப்பதற்கென்றே அமைந்தது. ராணுவத்தில் 1881இல் கசையடியை ஒழித்தார்கள். இன்று விளையாட்டுக்கு விற்கும் பின்னல் சாட்டைகள் அதன் பேரனுக்குப் பேரன். தோலைப் பின்னி, ஒன்பது வாராக, நுனியில் சிறு முடிச்சோடு வரும். பின்னல் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும், விலையும் பறிக்கும். கை நன்றாகப் பழகி, எதிரில் இருப்பவர் ஸ்டிங் விரும்பி என்று உறுதியாகத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆன்லைனில் கண்கட்டு, கைவிலங்கு, இறகு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வரும் செட். அதில் இருக்கும் ஃப்ளாகர் ரெக்சின். வார் லேசு, விறைப்பு, ஓரம் கூர். சில மாதத்தில் மேல் பூச்சு உரிந்து வரும். பரிசுப் பொருளாக அழகு. அவ்வளவுதான் அதைப் பற்றி.

அறைக்குப் பொருந்துமா

பலரும் யோசிக்காத ஒன்று: சீலிங் ஃபேன். 20 அங்குல வார், 8 அங்குலக் கைப்பிடி, அதற்கு மேல் உங்கள் கை நீளம். தலைக்கு மேல் ஓங்கினால் கூரை தாழ்ந்த அறையில் அது ஃபேனில் போய்ச் சிக்கும். சுற்றும் ஃபேனில் முப்பது தோல் வார் சிக்கினால் ஃபேன் நிற்கலாம், ஃப்ளாகர் பறக்கலாம். பீரோ கண்ணாடி, ட்யூப் லைட், சாமி படம், எல்லாம் அதே வட்டத்துக்குள். சின்ன அறை என்றால் 14, 15 அங்குல வாரோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். நீளம் கூடினால் வீச்சு அழகாக இருக்கும், கட்டுப்பாடு குறையும். குள்ளமானவர்கள் கைக்கும் குட்டை வார்தான் அடங்கும்.

கைப்பிடியை நடுவிரலில் வைத்துச் சமன் பாருங்கள். கைப்பிடியும் வாரும் சேரும் இடத்துக்கு அருகில் சமன் நின்றால் மணிக்கட்டுக்குச் சுகம். பிறகு ஒவ்வொரு வாராக இழுத்துப் பாருங்கள். சில மலிவுத் தயாரிப்புகளில் வார்களைச் சிறு ஆணி அடித்து நிறுத்தி மேலே தோல் சுற்றியிருப்பார்கள். வார் கழன்றால் தொலையட்டும், ஆணி கழன்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தானே செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாட்டை விட வசதியான இடம் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழில்தான் வாழ்க்கை. சென்னையில் பெரியமேட்டில் சில்லறையாகவே தோல் எடுக்கலாம். சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள், கனத்தை மில்லிமீட்டரில் கேட்க வேண்டும். அரை அங்குல அகலம், கைப்பிடிக்குள் போகும் பகுதியோடு சேர்த்து 20 அங்குல நீளத்தில் முப்பது வாருக்கு 300 சதுர அங்குலம், அதாவது இரண்டு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். கைப்பிடியில் சுற்ற, வெட்டில் வீணாக என்று மூன்று அடி போதும். கைப்பை செய்யப் போவதாகச் சொன்னால் "மெதுவா வேணுமா, கெட்டியா வேணுமா" என்ற ஒரே கேள்வியோடு கடைக்காரர் முடித்துவிடுவார்.

உடம்பு, பேச்சு, சட்டம்

எந்தப் பொருளானாலும் விழ வேண்டிய இடம் மாறாது: மேல் முதுகில் முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ள சதை, பிட்டம், தொடையின் பின்புறம். கழுத்து, தலை, முதுகெலும்பு, வால் எலும்பு, மூட்டுகள், முழங்காலின் பின்பக்கம், விலாவுக்குக் கீழே இடுப்புக்கு மேலே சிறுநீரகம் இருக்கும் பகுதி எல்லாம் விலக்கு. கனமான ஃப்ளாகரில் சிறுநீரகப் பகுதிதான் பெரிய பயம். மெல்லியதில் நுனி சுற்றிக்கொண்டு விலாவிலோ மார்பின் ஓரத்திலோ சொடுக்குவது. ரொம்ப நெருங்கி நின்றால்தான் அந்தச் சுற்று வரும். அரை அடி பின்வாங்கினால் சரியாகும். ஆளைத் தொடுமுன் நாற்காலி முதுகில் தலையணையைக் கட்டி, நுனிகளில் கொஞ்சம் பவுடர் தடவி அடித்துப் பாருங்கள். வெள்ளைத் தடம் எங்கே விழுகிறதோ அதுதான் உங்கள் குறியின் உண்மை நிலவரம்.

தடம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: தோலில் கோடு விழுந்தால் பலமான அடி, விழாவிட்டால் லேசான அடி என்று. மெல்லிய வார் கோடு போட்டுவிட்டு மறைந்துபோகும். கனமான வார் அன்றைக்கு வெறும் சிவப்பாக நின்று, மறுநாள் நீலமாகக் கன்றும். வரும் ஞாயிறு கல்யாணத்துக்கு முதுகு இறக்கமான ப்ளவுஸ் போடப் போகிறவர் மேல் முதுகை அந்த வாரம் முழுக்க விட்டுவிடச் சொல்வார். அது தயங்காமல் சொல்லக்கூடிய வீடாக இருக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர், டெங்குவிலிருந்து இப்போதுதான் எழுந்து ப்ளேட்லெட் ஏறிக்கொண்டிருப்பவர், சர்க்கரை நோயால் காலில் மரத்த உணர்வு உள்ளவர், இவர்கள் எந்த எடையிலும் தள்ளி வைப்பதே சரி. மது அருந்திய இருவரில் யார் கையிலும் ஃப்ளாகர் இருக்கக் கூடாது.

நிறுத்தச் சொல்லும் சொல் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லோருக்கும் புரிந்தது. புதியவர்கள் "போதும்" என்றால் போதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நாடகம் வேண்டாம். பேச முடியாத நிலை என்றால் கையில் சாவிக்கொத்து, விழுந்தால் நிறுத்தம். நடுவில் ஏற்பவருக்கு உடம்பே எண்டார்ஃபினைச் சுரந்து ஒரு மிதப்பு வரும், வலி மங்கும், "இன்னும், இன்னும்" என்பார். பேசி வைத்ததைக் குறைக்கலாம், அந்த நேரத்தில் கூட்டக் கூடாது. கனத்தை மாற்றுவதோ, புது இடத்தைத் தொடுவதோ அடுத்த முறைக்கு. முடிந்ததும் தண்ணீர், போர்வை, பக்கத்தில் இருப்பது. ஓரிரு நாள் கழித்து மனம் காரணமில்லாமல் சோர்வதும் உண்டு, அடித்தவருக்கும் கூட. அதற்காக ஒரு போன் கால் பாக்கி வையுங்கள்.

எச்சரிக்கைப் பேச்சு எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். "பாதுகாப்பாக, நிதானத்தோடு, சம்மதத்தோடு" என்ற வாசகம் 1980களில் நியூயார்க்கின் ஓரினச்சேர்க்கை ஆண்களுடைய அமைப்பு ஒன்றிலிருந்து வந்தது. 1990களின் கடைசியில் அதற்குப் போட்டியாக இன்னொன்று கிளம்பியது. முழுப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை, ஆபத்தைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பதே நேர்மை என்பது அந்தக் கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஸ்வேட்டிலும் கண்ணில் பட்டால் கண் கண்தான்.

சட்டமும் பொருளைத் தேர்வதில் கை வைக்கிறது. இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 87, பதினெட்டு வயது கடந்தவர் சம்மதித்து ஏற்ற தீங்கைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது. மரணமோ கொடுங்காயமோ நோக்கமாக இருக்கக் கூடாது, நேரக்கூடும் என்று தெரிந்தும் செய்திருக்கக் கூடாது. சட்டம் தரும் உதாரணம் பொழுதுபோக்காக வாள் வீசி விளையாடும் இருவர்தான், படுக்கையறை இல்லை. பயமுறுத்தி வாங்கிய சம்மதம் செல்லாது என்று 28ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது. லண்டனில் இருப்பவர்கள் நிலை இன்னும் இறுக்கம். சம்மதத்தோடு காயப்படுத்தி விளையாடிய ஆண்கள் மீதான பிரவுன் வழக்கில், 1993இல் அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, உடற்காயம் ஏற்பட்டால் ஏற்றவரின் சம்மதத்தைக் காட்டிக் குற்றத்திலிருந்து தப்ப முடியாது என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தோல் கிழியும் பொருட்களை ஒதுக்க அங்கே கூடுதலாக ஒரு காரணம்.

வாங்கிய பிறகு

தோல் நுண்துளை உள்ளது, கிருமி நீக்கம் முழுமையாகச் செய்ய முடியாது. ரத்தம் ஒரு துளி பட்டாலும் அந்த ஃப்ளாகர் அந்த ஒருவருக்கு மட்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை கூடத் தாக்குப்பிடிக்கும். ஒருவருக்கு மேற்பட்டவரோடு விளையாடுகிறவர்கள் அதனாலேயே சிலிகானில் ஒன்றும் தோலில் ஆளுக்கொன்றும் வைத்திருப்பார்கள்.

சென்னைக் காற்றில் தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி பீரோவுக்குள் வைத்தால் ஐப்பசி மழைக்குப் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். துணிப்பை, கூடவே ஷூ பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ரெண்டு. வார்கள் மடங்காமல் தொங்கவிடுவது நல்லது. மாமியார் திறக்கும் பீரோ என்றால் நீளவாக்கில் படுக்க வைத்தாவது வையுங்கள், சுருட்டாதீர்கள். வியர்வை பட்ட ஸ்வேட்டை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். மெருகுத்தோலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெதர் கண்டிஷனர் தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சிக்கு வாடை வரும்.